படுத்து எழுந்த இடம்

டிசம்பரில் ஒருநாள் எங்கள் வாட்ஸப் குழுவில் நண்பன் ஒருவன் கேட்டான்: "பெங்களூர்ல இருந்து ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்துக்கிட்டு உன் ஊர்ப் பக்கம் வந்து ரெண்டு ராத்திரி கேம்ப் போடலாமா? மலை தெரியும், வெட்டவெளி, ஒரு கூட்டமும் இருக்காதுன்னு நீதானே சொல்லுவ."

நான் யோசிக்காமல் "போடலாமே" என்று எழுதிவிட்டேன். எங்கள் கூட்டத்தில் திட்டம் போடுகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அன்று ராத்திரியே கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து தலைப்புகள் போட்டேன். இடம், தூரம், தண்ணீர், கழிப்பறை, சிக்னல், ரிஸ்க், அனுமதி. ஆறு கட்டங்கள் ஒரு வாரத்தில் நிரம்பின. கடைசிக் கட்டம் மட்டும் ஒன்றரை மாதம் காலியாகவே கிடந்தது. யாரிடம் கேட்க வேண்டும், எதற்காகக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் எம். புதுப்பட்டி. சிவகாசி வட்டம். கரிசல் மண், வேலிக்கருவை, ஆங்காங்கே தனித்தனியாகச் சின்னச் சின்ன அறைகளாக நிற்கும் பட்டாசு ஆலைகள், மேற்கே வானத்தோடு ஒட்டிக் கிடக்கும் மலை. எங்கள் பக்கம் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். என் பெரியம்மா இருபத்தைந்து வருடமாக ஆபீஸுக்குப் போகிறார். நானும் ஆபீஸுக்குத்தான் போகிறேன்.

அம்மாவிடம் ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். "கேரவனா? என்னடா, சினிமா ஷூட்டிங்கா?" என்றாள். நம் ஊரில் அந்தச் சொல்லை நடிகர்கள் வழியாகத்தான் எல்லோரும் கற்றுக்கொண்டோம். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வீடு இருக்கும்போது எதுக்குக் காட்டுல போய்ப் படுக்கணும்? சரி, காட்டுலதான் படுக்கணும்னா எதுக்கு வீட்டையும் தூக்கிட்டுப் போகணும்?"

இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அம்மா 'காடு' என்றதை நண்பனிடம் சொன்னபோது அவன் மரங்களைக் கற்பனை செய்துகொண்டான். எங்களுக்குக் காடு என்றால் மானாவாரி நிலம். பருத்தியோ மக்காச்சோளமோ போட்டு, மழையை நம்பி உட்கார்ந்திருக்கும் இடம். "காட்டுக்குப் போயிருக்கா" என்றால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பொருள். விடுமுறைக்குப் போகிற காடு எங்கள் பேச்சில் கிடையாது.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2019இல் வேலை நிமித்தமாக ஆறு மாதம் அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருந்தேன். ஒரு வார இறுதியில் அங்கிருந்து தெற்கே கென்டக்கிக்குப் போனோம். லெக்ஸிங்டனைச் சுற்றிப் புல்வெளி அலை அலையாக ஏறி இறங்கும். பலகை வேலிகள், வேலிக்குள் பந்தயக் குதிரைகள். சுண்ணாம்புப் பாறை மேல் விளையும் புல்லைத் தின்பதால்தான் அந்தக் குதிரைகளுக்கு எலும்பு உறுதி என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குதிரைகளுக்கென்றே கென்டக்கி ஹார்ஸ் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா, 1978இல் திறந்தது. அதன் ஓரத்திலேயே கேம்ப் மைதானம். 260 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், மின்சாரம், தண்ணீர்க் குழாய். இணையத்தில் பணம் கட்டினால் எண் வரும், அந்த எண்ணில் போய் வண்டியை நிறுத்தலாம். காலையில் பனிக்குள் குதிரைகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தோம். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. அன்று அது பெரிய சுதந்திரமாக இருந்தது.

நண்பன் கேட்டதும் அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலும் குதிரைகள் உண்டு. ஆனால் அவை நடக்காது.

பாண்டிய நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவே விசித்திரமானது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறைமுகத்துக்கு அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப் எழுதுகிறார். மார்க்கோ போலோ இன்னொன்றைச் சொல்கிறார். இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் கட்டுபவர்கள் இல்லை, சமைத்த சோறும் இறைச்சியும் போட்டே கொன்றுவிடுகிறார்கள், வருடா வருடம் புதிதாக வாங்குகிறார்கள். விற்பனை குறையக்கூடாது என்று வியாபாரிகளே லாடக்காரர்களை வரவிடவில்லை என்றும் சொல்கிறார். சப்ஸ்கிரிப்ஷன் வியாபாரத்தின் தாத்தா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ராஜா வாங்கிய குதிரைகள் இந்த வெயிலில் செத்துப்போயின. ஊர்க்காரர்கள் மண்ணில் செய்த குதிரைகள் நின்றன. ஐயனாருக்குப் புரவி எடுப்பதென்றால் முதலில் ஊர் சார்பில் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுக்க வேண்டும். பிடிமண் கொடுப்பது என்று பெயர். அந்த மண்ணிலிருந்து குதிரை தொடங்கும். சுட்டு, வண்ணம் தீட்டி, ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்புறம் யாரும் அதைப் பழுதுபார்ப்பதில்லை. மழையில் காது போகும், பிறகு கழுத்து, பிறகு கால் மட்டும் நிற்கும், கடைசியில் அதுவும் மண்ணாகிவிடும். எங்கள் பக்கம் இப்போது சிமெண்ட் குதிரைகள் அதிகமாகிவிட்டன. அவை நிறம் மங்குமே தவிர, மண்ணாவதில்லை.

கண்மாய்க்கரையில் அப்படி ஓர் ஐயனார் கோயில். மேடான இடம், இரண்டு பெரிய மரங்கள், மேற்கே மலை மறைக்காமல் தெரியும். ஷீட்டில் அதைத்தான் முதல் இடமாகப் போட்டேன்.

அதற்கு முன் மலையடிவாரத்தையும் யோசித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது சீக்கிரமே கழிந்தது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு, 2021இல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. அங்கே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. சதுரகிரியில் ஒரு காலத்தில் பக்தர்கள் மலைமேலேயே இரவு தங்கினார்கள். 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் ஆட்கள் இறந்தபின் கட்டுப்பாடுகள் இறுகின. பல வருடங்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் ஏறலாம், இரவு தங்கக்கூடாது. வருத்தம்தான், ஆனால் நியாயம்.

ஆகவே கண்மாய்க்கரை. நண்பன் கேட்டான், "அது பப்ளிக் லேண்ட்தானே?"

வருவாய்த்துறைப் பதிவின்படி ஆமாம். கண்மாய்ப் புறம்போக்கு. வரி விதிப்புக்கு வெளியே விடப்பட்ட, எல்லோருக்கும் பொதுவான நிலம். அந்தச் சொல்லை நாம் வசவாக மாற்றிவைத்திருக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்க்காரனாகிய எனக்குப் பதிவேட்டில் இல்லாத சில விஷயங்கள் தெரியும். அந்தக் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெருக்காரர்கள் எதுவரை வருவார்கள், எப்போது அதனால் பேச்சு நின்றுபோனது என்பதெல்லாம். ஸ்வீடனில் யார் வேண்டுமானாலும் யாருடைய நிலத்திலும், வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல், பயிரைக் கெடுக்காமல், ஓரிரவு கூடாரம் போடலாம். அரசமைப்புச் சட்டத்திலேயே 1994இல் எழுதிவைத்துவிட்டார்கள். நம் ஊரில் சத்திரம், சாவடி, திண்ணை என்று அதைவிடப் பழைய ஏற்பாடு இருந்ததே என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் திண்ணை எல்லோருக்கும் இருந்ததில்லை. யார் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் நண்பர்களில் ஒருவன், பெங்களூரில் வீடு தேடும்போது பெயரின் பின்பாதியைச் சொல்லத் தயங்குகிறவன். அவனைக் கூட்டிக்கொண்டுபோய் 'பொது' என்று எழுதியிருக்கிற இடத்தில் இறக்கிவிட்டு, காலையில் யாராவது "தம்பி எந்த ஊரு, யாரு வீடு?" என்று ஆரம்பித்தால்? கென்டக்கியில் யாரிடமும் பேச வேண்டியிராததை நான் சுதந்திரம் என்று நினைத்தது முழுக்க முட்டாள்தனம் இல்லை.

அனுமதிக் கட்டம் காலியாகவே இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

பொங்கல் கழிந்து, பருத்திக்காடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் உண்டு. அப்பா போனபின் பெரியம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அதையும் ஷீட்டில் ஐந்தாவதாகப் போட்டிருந்தேன், 'மரமில்லை, அழகில்லை' என்ற குறிப்போடு. பக்கத்துக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வெள்ளையில் செம்புள்ளி விழுந்த வெம்பூர்ச் செம்மறிகள். கீதாரி ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு பனையோலைக் கூட்டுக்குள் இளங்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

கிடை பற்றிக் கி. ராஜநாராயணன் அந்தப் பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார், இளைய வாசகர்கள் சிலராவது படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரும்வரை நிலம் சும்மா கிடக்கும். ஆடுகளைப் பகலில் மேய்த்துவிட்டு இரவில் அந்த நிலத்தில் மடக்கிவைப்பார்கள். ஆடுகள் அங்கேயே படுத்து, அங்கேயே புழுக்கை போட்டு, மூத்திரம் பெய்யும். மறுநாள் ராத்திரி கொஞ்சம் தள்ளிக் கிடையை மாற்றுவார்கள். இப்படியே காடு முழுக்க உரம். அதற்குக் காட்டுக்காரர் கீதாரிக்குக் கூலி கொடுப்பார். முன்பு தானியம், இப்போது பணம். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்று பழமொழியே இருக்கிறது.

கீதாரியிடம் பேச்சுக் கொடுத்தேன். ராமநாதபுரம் பக்கத்து ஆள். வருடத்தில் எட்டு மாதம் வெட்டவெளியில்தான் படுக்கை. நான் எங்கள் திட்டத்தைச் சொன்னேன். கேரவன் வாடகை ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை, கணக்குப் போட்டார்.

"காட்டுல படுக்கறதுக்கு நீங்க காசு குடுக்கிறீக. நாங்க காட்டுல படுத்தா எங்களுக்குக் காசு குடுக்கிறாக. என்ன தம்பி வித்தியாசம்?"

"உங்க ஆடு எரு போடுதுல்லண்ணே" என்றேன்.

"நீங்க என்ன போடுவீக?"

ஒன்றும் போட மாட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். நிஜமாகவே பெருமையாக. குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவோம், ஒரு பிளாஸ்டிக் உறைகூட விடமாட்டோம், நாங்கள் வந்த சுவடே தெரியாது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. வந்த சுவடே தெரியாமல் போகிறவனை அவர் தொழிலில் யாரும் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

தடம் விடாதே என்பது இன்றைய கேம்பிங்கின் வேதம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அமெரிக்கக் காடுகளுக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போகத் தொடங்கியதும் அங்கே வனத்துறைகள் யோசித்து உருவாக்கிய ஒழுக்கம் அது. 1994இல் தனி அமைப்பாகி, ஏழு விதிகளாக இன்று உலகம் முழுக்கப் போயிருக்கிறது. நான் அதைக் கிண்டல் செய்யவில்லை. கொடைக்கானலில் உடைந்த பாட்டிலை மிதித்துத் தையல் போட்டவன் நான். அந்த ஏழு விதிகளும் நம் சுற்றுலாப் பயணிகளுக்குப் பாடப்புத்தகத்திலேயே வர வேண்டும்.

ஆனால் அதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனிதன் ஒரு கறை, அவன் தொட்டால் நிலம் கெடும், அதிகபட்சம் அவனால் முடிந்த நன்மை ஒன்றும் செய்யாமல் திரும்புவது. வில்லியம் க்ரோனன் என்ற சூழலியல் வரலாற்றாசிரியர் 1995இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இந்த நம்பிக்கையைக் கிளறினார். மனிதக் கை படாத காடு என்று அமெரிக்கர்கள் கும்பிடுவதில் பாதி, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பூர்வகுடிகளை வெளியேற்றிய பிறகு உருவானது என்றார். ஆளை அகற்றிவிட்டு ஆளில்லாத அழகைப் பார்ப்பது.

என் தொழில் பாஷையில் சொன்னால், தடம் விடாத பயணி ஒரு ப்யூர் ஃபங்ஷன். உள்ளே போனது, வெளியே வந்தது, எந்தப் பக்கவிளைவும் இல்லை. புரோகிராமர்களுக்கு அது மிகவும் பிடிக்கும், சோதிப்பது சுலபம், நம்பலாம். ஆனால் ஒரு புரோகிராம் முழுக்கப் பக்கவிளைவே இல்லாமல் இருந்தால் அதனால் உலகத்தில் ஒரு எழுத்துகூட அச்சாகாது. கணினி சூடாகும், அவ்வளவுதான். கீதாரி முழுக்கப் பக்கவிளைவு. அவருடைய கணக்கில் தங்குவது என்றாலே எதையோ விட்டுவிட்டுப் போவது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சுலபமான முடிவு கிடைத்தது. நாங்கள் போகக்கூடாது. உழைக்கிறவர்கள் வேறு வழியில்லாமல் வெட்டவெளியில் கிடக்கும் ஊரில், சம்பளக்காரர்கள் நாலு பேர் பணம் கட்டி அதை விளையாடிப் பார்ப்பது அசிங்கம். இப்படி நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. மனசு அவ்வளவு சீக்கிரம் லேசானால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். என் அனுபவம் அது.

தப்பைச் சுட்டிக்காட்டியது பெரியம்மா. நான் கொஞ்சம் சோகமான குரலில், "கஷ்டப்படற எடத்துல வந்து நாங்க ஜாலியா படுத்துட்டுப் போறது சரியா பெரியம்மா" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"ஏன், நாங்க ஜாலியா படுத்ததே இல்லையா? இருக்கன்குடிக்கு நீயும்தான வந்த சின்னப்புள்ளையில?"

வந்திருக்கிறேன். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சுற்றுவட்டார ஜனமெல்லாம் அங்கேதான். முன்பு கூண்டு வண்டி, என் காலத்தில் லாரியும் டிராக்டரும். கீழே வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, அண்டா குண்டானோடு போவோம். ஆற்று மணலில் மூன்று கல் வைத்து அடுப்பு. மொட்டை, பொங்கல், கிடா வெட்டு. ராத்திரி மணலில் வரிசையாகப் படுத்துக்கொண்டு பெரியம்மாக்களும் சித்திகளும் பேசிய பேச்சும் சிரித்த சிரிப்பும்! வீட்டுக்குள் அப்படி அவர்கள் சிரித்து நான் கேட்டதில்லை. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலிலும் அப்படித்தான். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து பொட்டலில் சாமியானா போட்டு விடிய விடியக் கிடப்பார்கள். கேரவன், கேம்பிங் எல்லாம் எங்கள் ஊருக்குப் பெங்களூரிலிருந்து வர வேண்டிய பொருள் இல்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கஷ்டப்படுகிறவர்களுக்கு வானம் என்றால் கூரை இல்லாத நிலை மட்டும்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர்களுக்கும் நட்சத்திரம் நட்சத்திரமாகவே தெரியும் என்பது தோன்றவில்லை. இரக்கம் சில நேரம் இப்படித்தான் ஆளை மட்டம் தட்டும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இருக்கன்குடிக்குப் போகிறவர்கள் கடனோடு போகிறார்கள். நேர்த்திக்கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்டது, கண் வலிக்கு வேண்டிக்கொண்டது. போய் முடியைக் கொடுத்து, கிடாயைக் கொடுத்து, கறியைப் பக்கத்து அடுப்புக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கீதாரியிடமும் கடன் இருக்கிறது, போன வருடம் படுத்த காட்டுக்கு இந்த வருடம் வருகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கியிருப்பார். நாங்கள் ஆன்லைனில் முழுத்தொகையும் கட்டிவிட்டு, யாருக்கும் எதுவும் பாக்கி இல்லாமல் வர நினைத்தோம். பாக்கி இல்லாத இடத்துக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இருப்பதில்லை. அப்புறம் கோகர்ணா, அப்புறம் ஸ்பிதி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

கடன் என்பதை நான் ரொம்பவும் புனிதப்படுத்தவில்லை. இதே ஊரில் பட்டாசு ஆபீஸில் முன்பணம் வாங்கிவிட்டு அதற்காகவே உடம்பு முடியாமலும் வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். எந்தக் கடன் மனிதனை நிற்க வைக்கிறது, எது மடக்கிப் போடுகிறது என்பதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. திரும்பி வரலாம் என்பதும் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்பதும் ஒன்றல்ல என்ற அளவுக்குத்தான் தெரியும்.

திரும்பவும் ஷீட். ரிஸ்க் என்ற கட்டத்தில் நண்பன் ஒருவன் 'பாம்பு' என்று எழுதியிருந்தான். இன்னொருவன் 'கேம்ப்ஃபயர் கட்டாயம்!!' என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு. நெருப்பில்லாமல் என்ன கேம்ப் என்பது அவன் வாதம். கிதார் வேறு கொண்டுவருவானாம்.

2023 அக்டோபர் 17 அன்று நான் பெங்களூரில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்தில் வெடி விபத்து. அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியிலும். இரண்டு இடத்திலும் சேர்த்து 14 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். பட்டாசை வெடித்துச் சோதித்துப் பார்த்தபோது பறந்த பொறி, அடுக்கிவைத்திருந்த பெட்டிகளில் விழுந்தது என்று செய்திகள் சொல்லின. பெரியம்மாவின் நம்பருக்கு நாற்பது நிமிடம் லைன் கிடைக்கவில்லை. ஆபீஸுக்குள் செல்ஃபோன் கொண்டுபோகக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஃபோன் வீட்டில் அலமாரிமேல் இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு ஆபீஸில் பத்திரமாகச் சரம் பின்னிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இந்த ஊரில் நெருப்பு என்பதற்கு வேறு இலக்கணம். ஆபீஸுக்குள் பீடி, தீப்பெட்டி எதுவும் போகாது. உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வார்கள். நைலான் சேலை கூடாது, பருத்திதான். ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து, அறைக்கும் அறைக்கும் இத்தனை மீட்டர் என்று விதி. அந்த விதி மீறப்படும் நாட்களில்தான் ஊர்ப் பெயர் செய்தியில் வருகிறது. நாங்கள் கேட்கும் 'வெட்டவெளி'யில் ஒரு பகுதி அந்த விதியால் உண்டானது. கட்டிடங்கள் நெருங்கக்கூடாது என்பதற்காக விடப்பட்ட வெறுமை. நண்பன் 'என்ன ஸ்பேஸ்டா!' என்று ரசித்த என் பழைய ஃபோட்டோவில் தூரத்தில் தெரியும் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிடங்கள் அவைதான்.

அழகு என்று சொல்லலாமா அதை? நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், சின்ன வயதிலிருந்து. சாயங்கால வெயிலில் அந்த வெள்ளைச் சுவர்கள் மஞ்சளாகும்போது அழகாகத்தான் இருக்கும். எதனால் அப்படி இருக்கிறது என்று தெரிந்தபின்னும் அழகு குறையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது மட்டும் கஷ்டமாகிவிட்டது.

குழுவில் எழுதினேன்: நெருப்பு இல்லை. காரணத்தையும் எழுதினேன், அக்டோபர் 17 உட்பட. ரொம்ப நேரம் யாரும் பதில் போடவில்லை. கிதார்க்காரன்தான் முதலில் எழுதினான், "சாரிடா. டார்ச் போதும்."

ஐயனார் கோயிலை ஷீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். கேரவனையும். அந்தப் பணத்தில் ஒரு பங்குக்கு எங்கள் இரண்டு ஏக்கரில் கிடை போடச் சொல்லிக் கீதாரியிடம் பேசினேன். அதே நாட்களில் வரப்போரம் எங்கள் கூடாரம். பெரியம்மா வெகுநாளாக அந்தக் காட்டுக்குக் கிடை போட நினைத்துப் பணம் புரளாமல் தள்ளிப்போட்டிருந்தார். இது ஏதோ விமான டிக்கெட்டோடு மரம் நடுவதற்கு ஐம்பது ரூபாய் கட்டி மனசைத் தேற்றிக்கொள்கிற வேலை மாதிரி இல்லையா என்று எனக்கே சந்தேகம் இருந்தது, இன்னும் இருக்கிறது. நல்ல காரியத்தை வாங்கிக்கொள்ள முடியும் என்கிற நினைப்பு எங்கள் சம்பளத்தோடு சேர்ந்தே வந்தது. ஆனால் எரு எருதானே. நான் எந்த எண்ணத்தில் காசு கொடுத்தேன் என்று பயிர் கேட்கப்போவதில்லை.

மாசியில் போனோம். இரண்டு ராத்திரி. வண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னார். ராத்திரியில் வெளியூர் வண்டி என்றால் இங்கே திருட்டுப் பட்டாசு, மருந்துக் கடத்தல் என்று சந்தேகம் வரும். கேஸ் அடுப்பைப் பார்த்து ஐந்து நிமிடம் கேள்வி கேட்டார். பெரியம்மா பெயரைச் சொன்னதும் விட்டுவிட்டார் என்று எழுத ஆசை. அப்படியெல்லாம் இல்லை. ஆதார் கார்டைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

செம்மறி மந்தையின் வாடைக்கு யாரும் தயாராக இல்லை. முதல் ராத்திரி ஒருவன் காருக்குள் போய் ஏசி போட்டுப் படுத்துக்கொண்டான். நட்சத்திரங்கள் நிறைய இருந்தன, நான் விளம்பரம் செய்த அளவுக்கு இல்லை. சிவகாசிப் பக்கம் வானம் வெளுத்துத்தான் இருக்கும். நள்ளிரவில் நாய்கள் குரைத்தன, கீதாரி ஏதோ சத்தம் கொடுத்தார், அடங்கின. பெயரின் பின்பாதியைச் சொல்லாத நண்பன் அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். குட்டிகளில் ஒன்றை மடியில் வைத்திருந்தான். அவனுடைய தாத்தாவும் ஆடு மேய்த்தவர் என்பது ஏழு வருடப் பழக்கத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

காலை ஆறேகாலுக்குப் பெரியம்மா தூக்குச்சட்டியில் டீ கொண்டுவந்தார். ஆபீஸ் வேன் ஆறரைக்கு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. "உக்காருங்கய்யா, உக்காருங்க" என்றார். கூடாரத்துக்குள் குனிந்து எட்டிப் பார்த்தார், துணியைத் தடவிப் பார்த்தார். "இது நைலானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆபீஸ் பக்கம் கொண்டுவந்துராதீக" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறி நடந்தார்.

போன வாரம் ஃபோன் செய்தார். மக்காச்சோளம் நன்றாக வந்திருக்கிறதாம். அடுத்த மாசிக்கும் வருவோமா என்று கேட்டார், வருவதென்றால் கீதாரியிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறு காட்டுக்கு ஒப்புக்கொண்டுவிடுவார். குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். கிதார்க்காரன் கோகர்ணா என்கிறான். இன்னொருவன் இரண்டு நீலக்கோடு விழுந்தும் பதில் போடவில்லை. குட்டியை மடியில் வைத்திருந்தவன் மட்டும், "எத்தனாந்தேதி?" என்று கேட்டிருக்கிறான்.